கரை சேர்ந்த விமானி

சாம்பல்தீவுக்குப் போகும் வீதியோரம், உலகப் போரில் இறந்தவர்களின் மயானம். நான் புத்தகத்தில் படித்துவிட்டுத் தேடிவந்த போர் விமானியின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. எத்தனையோ எதிரி விமானங்களை வீழ்த்திப் பதக்கம் வாங்கியவர், கடைசியில் இந்த ஊர்த் துறைமுகத்துக்கு வெளியே கடலில் தானும் விழுந்துபோனார்.

கல்லின் அடியில் வெற்றிலை பாக்கு, எரிகிற கற்பூரம். இடுப்பில் சாரம் கட்டிய மீனவர் ஒருவர் கும்பிட்டு நிற்கிறார்.

"நாளைக்குப் புது வள்ளம் இறக்கிறம். காவலுக்குச் சொல்ல வந்தனான்."

"கடலில் விழுந்து செத்தவரிடமா காவல் கேட்கிறீர்கள், ஐயா?" சிரித்துக்கொண்டே கேட்கிறேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை.

"ஓம் தம்பி, விழுந்தவர்தான். எண்டாலும் உடம்பு கரைக்கு வந்திட்டுதே. கடலுக்குப் போன என்ர மூத்த மகன் இன்னும் வரேல்லை."