பின்பக்கப் பாதை

நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று அனுப்ப வேண்டியிருந்தது. ஜாய்ஸ் அப்பாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள். செயலி கண்ணைச் சிமிட்டச் சொன்னது. கிறிஸ்துராஜ் சிமிட்டினார். மூன்று முறையும் ஏற்கவில்லை.

“உசுரோட இருக்கேன்னு சொல்ல இம்புட்டுப் பாடா பாப்பா?”

“முறைக்காதீங்கப்பா.”

“என் மூஞ்சியே இதான். பட்டாளத்துலயே மாத்த முடியல.”

நான்காம் முறை ஏற்றது. அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

கிறிஸ்துராஜ் ஓய்வுபெற்ற ஹவில்தார். கார்கிலில் இருந்தவர், அதைப் பற்றிப் பேசியதில்லை. இந்த மே மாதம் பாகிஸ்தானோடு நான்கு நாள் சண்டை நடந்தபோதும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சான்று அனுப்பிய அன்றுதான் வாய் திறந்தார்.

“திங்கக்கெழமை திருமங்கலம் போறேன். நீயும் வாரியா? பாண்டிமீனாகிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். இருவத்தாறு வருசமாச்சு.”

பாண்டிமீனா, கார்கிலில் இறந்த கண்ணுச்சாமியின் மனைவி. சவப்பெட்டியோடு ஊருக்கு வந்தவர் கிறிஸ்துராஜ். அவள் கேட்டது ஒன்றுதான்: “ஏண்ணே மலையில நேரா ஏறுனீக? சுத்திப் போக வழியில்லையா?”

“வழியில்லம்மா” என்றிருந்தார்.

“வழி இருந்துச்சு பாப்பா. மலைக்குப் பின்னால. ஆனா கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டணும். தாண்டக் கூடாதுன்னு உத்தரவு.”

ஜாய்ஸ் நில அளவைப் பொறியாளர். “கோட்டுக்கு அந்தப் பக்கமும் நம்மதுன்னுதானப்பா மேப்புல போடுறோம்?”

“மேப்புல நம்மது. கால் வச்சா பெரிய யுத்தம். உள்ள வந்தவன வெரட்டணும், சண்டையும் பெருசாகக் கூடாது. டெல்லியில இருந்து பாத்தா சரிதான். அந்தப் புள்ளகிட்ட எப்படிச் சொல்ல? வருசா வருசம் போவேன். பஸ் ஸ்டாண்டுல டீயைக் குடிச்சிட்டுத் திரும்பிருவேன். டீக்கடைக்காரன் சொந்தக்காரனாவே ஆயிட்டான்.”

ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில் கிறிஸ்துராஜ் சரிந்து விழுந்தார். மாரடைப்பு. திங்கட்கிழமை அடக்கம்.

சட்டைப் பையில் சர்ச் அறிக்கைத் தாள் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் பென்சிலில் ஒரு மலை. குறுக்கே ஒரு கோடு. கோட்டைத் தாண்டிப் போய் மலையின் முதுகில் ஏறும் புள்ளிப் பாதை. பாண்டிமீனாவிடம் காட்டத்தான் வரைந்திருக்கிறார். அளவுகோல் இல்லை, திசைக்குறி இல்லை. கோட்டுக்கு அப்பால் போகும் பகுதியில் மட்டும் எழுதியிருந்தார்: முந்நூறு மீட்டர்.

பசுமலையில் பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு அவ்வளவு தூரம்தான்.

பென்ஷன் அலுவலகத்துக்கு ஜாய்ஸ் இறப்புச் சான்றை அனுப்பினாள். முதல் முறையிலேயே ஏற்றுக்கொண்டது.

திருமங்கலத்துக்கு இன்னும் யாரும் போகவில்லை.