பச்சை அடித்த இடம்

காலை ஆறு இருபது. ஒட்டுசுட்டானைத் தாண்டி உள்ளே போகும் வீதியில் பேருந்து எங்களை இறக்கிவிட்டுப் போனபோது நான் முதலில் பார்த்தது ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் கதிரையை. பாலை மரம் ஒன்றோடு அதை நைலோன் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உடைந்த காலுக்குப் பதிலாகக் கற்களை அடுக்கியிருந்தார்கள். வீதியின் இரண்டு பக்கமும் காடு. வீடு எதுவும் கண்ணில் படவில்லை.

"இதுதான் எங்கட பஸ் ஸ்டாண்ட்" என்றாள் என் தோழி. "கட்டிவைக்காட்டி யானை வந்து இருந்து பாத்திடும்."

சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நாங்கள் நகரத் திட்டமிடல் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருந்தோம். எங்கள் வகுப்பில் வன்னியிலிருந்து போனவர்கள் நானும் அவளும் மட்டும்தான். அந்த வருடக் களவேலைக்கு முல்லைத்தீவின் ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்து, அதற்கு ஒரு அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கச் சொன்னார்கள். உட்பகுதியை எங்கள் இருவருக்கும் ஒதுக்கினார்கள். அதற்குள்தான் அவளுடைய வீடும் இருந்தது.

அவளுடைய பாட்டனார் காலத்தில் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே குடியேறியிருந்தன. காடு வெட்டி, கிணறு தோண்டி இருந்தவர்கள் போரில் இடம்பெயர்ந்து, முடிந்தபின் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தபோது அந்த நிலம் வன எல்லைக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்டது. யாரிடமும் காணிப் பத்திரம் இல்லை. நான் ஸ்கந்தபுரத்தைச் சேர்ந்தவள். குளத்துக்குக் கீழே அரசாங்கம் வயற்காணி கொடுத்துக் குடியேற்றிய யாழ்ப்பாணத்துக் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டு அலுமாரியில் பத்திரம் இருக்கிறது. அதைப் பற்றி அன்றுவரை நான் யோசித்ததேயில்லை.

ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச நேரம் நடந்ததும் வீடுகள் வந்தன. தோழியின் அம்மா முற்றத்திலேயே நின்றிருந்தார். என்னோடு "எண்டு", "ஓமடி" என்று பேசிக்கொண்டு வந்தவள், அம்மாவைக் கண்டதும் "என்னாம்மா, இன்னும் சாப்பிடலியா?" என்று மாறிவிட்டாள். மூன்று வருடமாக ஒரே அறையில் இருந்தும் அவளுடைய அந்தப் பேச்சை நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

ரொட்டியும் சம்பலும் தந்தபடி அம்மா கேட்டார்: "ஏன் புள்ள, இந்தப் படிப்புக்குப் பேரு என்னா? அக்கம்பக்கத்துல கேக்குறாங்க. நான் இஞ்சினியருன்னு சொல்லிட்டேன்."

உயர்தரம் படித்துக்கொண்டிருந்த தங்கை குசினிக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "கலர் அடிக்கிற இஞ்சினியர் அம்மா. அக்காட பையைப் பாருங்கோ, முழுக்கக் கலர் பென்சில். நேசரியிலயும் இதைத்தான் செய்தவ."

அவள் சொன்னதில் பிழையில்லை. நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், கடைத்தெருவுக்குச் சிவப்பு, காட்டுக்குப் பச்சை. அலுவலகங்களில் கிடைக்கும் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு இடத்துக்குப் போய், கண்ணால் கண்டதை வைத்து அதைத் திருத்தி நிறம் தீட்டுவதுதான் எங்கள் வேலை. பழைய வரைபடத்தில் தோழியின் ஊர் பச்சையாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அம்மா விஷயத்துக்கு வந்தார். தங்கை பாடசாலை முடிந்து பின்னேர வகுப்புக்கும் போய்விட்டு வருகிறாள். காலையில் கைகாட்டினால் பேருந்து நிற்கும். பொழுதுபடும் நேரத்தில் அந்த இடத்தில் எந்தச் சாரதியும் நிறுத்துவதில்லை. யானை கடக்கும் இடம், தரிப்பிடமும் இல்லை. அடுத்த ஊர்ச் சந்தியில் இறங்கி, காட்டோரமாக அவள் திரும்பி நடக்கவேண்டும். அம்மா டோர்ச் லைற்றோடு போய்க் கூட்டிவருவார். கொஞ்ச நாளைக்கு முன் இருவரும் வரும்போது வீதியில் யானை நின்றிருக்கிறது. அது விலகும்வரை ஒரு மதகுக்குக் கீழே குந்தியிருந்திருக்கிறார்கள்.

"ஒரு தரிப்பிடம் போட்டுக் குடுங்க புள்ள. கூரையோட, ஒரு லைட்டும் இருந்தா நிப்பாட்டுவான். நீங்கதானே எல்லாத்தையும் கீறுறீங்க" என்றார் என்னைப் பார்த்து. மகளைப் பார்த்துச் சொல்லவில்லை.

பகல் முழுவதும் ஊரைச் சுற்றி வந்தோம். பின்னேரம் விறாந்தையில் வரைபடத்தை விரித்து, அதன்மேல் மெல்லிய தாளை ஒட்டி நிறம் தீட்டத் தொடங்கினோம். அடுத்த ஊருக்கு நான் மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன். தோழி பச்சைப் பென்சிலை எடுத்து, அந்த விறாந்தையும் கிணறும் நாங்கள் காலையில் நடந்துவந்த பாதையும் இருக்கும் இடத்தில், மெதுவாக, கோடு தெரியாமல் தீட்டினாள்.

"என்னடி செய்யிறாய்?"

"சத்தம் போடாத" என்றாள். "மஞ்சள் அடிச்சா, காட்டுக்குள்ள ஆர் இருக்கினம் எண்டு ஒருத்தன் கேப்பான். பிறகு இடத்தை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வரும். பச்சையா இருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"அப்ப தரிப்பிடம்?"

அவள் பச்சையைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். பேருந்துத் தரிப்பிடத்தை எங்கே வைப்பது என்று கணக்குப் பார்க்கும்போது, நடந்துவரக்கூடிய தூரத்தில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்றுதான் முதலில் பார்ப்போம். பச்சைக்குள் வீடு இல்லை. அடுத்த ஊர்ச் சந்தியில் தரிப்பிடத்துக்கான சிறு சதுரத்தைக் கீறியதும் அவளேதான்.

அவள் செய்தது புத்தி என்றே அப்போது எனக்குப் பட்டது.

தேநீரோடு வந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளுக்கு மேலே குனிந்தார். "நம்ம வீடு எங்க இருக்கு?"

தோழி ஒரு கணமும் தாமதிக்கவில்லை. நான் தீட்டியிருந்த மஞ்சளின் ஓரத்தில் விரலை வைத்தாள். "இந்தா, இங்கம்மா."

"இம்புட்டுத்தானா?" என்று சிரித்தார் அம்மா. பிறகு தன் விரலையும் அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். வேலை முடிந்ததும் அதில் ஒரு பிரதி தனக்கு வேண்டும் என்றார். மகள் தலையாட்டினாள். என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் திட்டத்தைச் சமர்ப்பித்தோம். பிரதேசத்தைச் சேர்ந்த சில அதிகாரிகளையும் விரிவுரையாளர்கள் அழைத்திருந்தார்கள். அவர்களில் தமிழ் அதிகாரி ஒருவர் எங்கள் வரைபடத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பச்சையைக் காட்டி, "இந்தப் பக்கம் சனம் இல்லையோ பிள்ளையள்?" என்று கேட்டார்.

"காடு சேர்" என்றாள் தோழி.

அவர் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

தேநீர் இடைவேளையில் அவர் மறுபடி என்னிடம் வந்தார். "ஊர்க்காரர் சிலபேர் அங்க இருக்கினம் எண்டு கேள்விப்பட்டனான். அதுதான் கேட்டனான். இந்த முறை தரிப்பிடம் கட்டக் காசு வந்திருக்கு. சனம் இருக்கெண்டு ஒரு படம் இருந்தா நான் கேட்டு வாங்கலாம், சனத்தை எழுப்புறதுக்கும் யோசிப்பாங்கள். ஒரு படமும் இல்லாமல் எனக்குக் கதைக்கேலாது."

கையில் கோப்பையோடு நின்ற எனக்குத் தோழி மண்டபத்தின் மறுமுனையில் தெரிந்தாள். அவளைக் கூப்பிட்டு இந்த மனிதர் சொல்வதைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். அவளுடைய வீடு, அவள் எடுத்த முடிவு, எனக்கு அதில் கதைக்க உரிமையில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். "தெரியாது சேர்" என்றேன். அவர் "சரி பிள்ளை" என்று போய்விட்டார். அவர் சொன்னதை அன்றிரவு அறையில் தோழியிடம் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. எங்களுக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன.

பட்டம் முடித்து அவள் வெளிநாடு போனாள். நான் கிளிநொச்சிக்கு வந்து வேறு வேலையில் சேர்ந்தேன். போன வருடம் அந்தப் பக்கம் போக நேர்ந்தபோது அடுத்த ஊர்ச் சந்தியில் தரிப்பிடத்தைக் கண்டேன். கூரையும் சீமெந்து இருக்கையும் சூரிய விளக்கும் இருந்தன. நாங்கள் சதுரம் கீறிய அதே இடம். எங்கள் தாளைப் பார்த்துத்தான் கட்டினார்களா, தாங்களாகவே முடிவெடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது.

அன்று தோழியின் அம்மா வீட்டில் தங்கினேன். சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் எங்கள் வரைபடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. மஞ்சளின் ஓரத்தில், கண்ணாடிக்கு மேலே, ஒரு குங்குமப் பொட்டு. அந்த இடம் அடுத்த ஊர்ப் பாடசாலையின் பின்பக்கம்.

"தரிப்பிடம் அங்க வந்திருச்சி. அங்கதான் சனம் கூடவாம், பெரியவ போன்ல சொன்னிச்சி" என்றார் அம்மா. தேநீரை என் கையில் தந்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார். "இங்கயும் சனந்தானே புள்ள?"

ஓம் அம்மா என்றேன். அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருக்கவேண்டிய இடம் வேறு. அன்று மஞ்சள் அடித்திருந்தால் அந்த ஊர்ச் சனத்தை எழுப்பியிருப்பார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. தோழி பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் வேறு வழியும் இருந்ததென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தது எனக்கு மட்டும்தான்.

தங்கை உயர்தரப் பரீட்சை எழுதவில்லை. யானைத் தொல்லை கூடிய வருடம் பின்னேர வகுப்பை நிறுத்தி, பிறகு பாடசாலையையும் நிறுத்திவிட்டாளாம். "விடுங்கோ அக்கா, எனக்குக் கலர் அடிக்கவும் வராது" என்று சிரித்தாள். இப்போது ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை.

மறுநாள் காலை அவளோடுதான் வீதிக்கு வந்தேன். பாலை மரத்தில் புதுக் கயிறு, கதிரை சிவப்பு. அவள் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் இருந்தாள். ஆறு இருபதுக்குத் தொழிற்சாலைப் பேருந்து வந்தது. யாரும் கைகாட்டவில்லை. கதிரைக்கு நேரே வந்து நின்றது.