இலையைத் திருப்பி வைத்தவர்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் இது நடந்தது. நட்ட நடுப்பகலில், மொன்றியல் செயின்ட்-மிஷேலில், இந்த வருஷத் தை அமாவாசை அன்று. சரத்துக்குப் பொய் சொல்ல வராது. லீவு போடக்கூடக் காய்ச்சல் என்று சொல்லத் தெரியாத ஆள் அவன்.

சரத்தின் ஊர் போர்ட் பிளேர். தாத்தாவுடைய தாத்தாவும் பாட்டியும் வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளாக அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள். என்ன குற்றம் என்று வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. அந்தப் பாட்டியின் பெயர் அருக்காணி, அது மட்டும் தெரியும். சரத்தின் மனைவி ஷ்ருதிக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இப்போது இரண்டாவது, ஏழாம் மாசம். "மூத்தவர் பேரைச் சொல்லி ஒரு தடவையாவது இலை போடுடா. இல்லன்னா இதுவும் தங்காது" என்று நாள் தள்ளிப்போனதிலிருந்தே அம்மா போனில் அழுதாள். அந்தத் தாத்தாவின் பெயர் தெரிந்தால்தானே கூப்பிட முடியும்?

ஆறு மாசம் நாய் படாத பாடு பட்டுத் தேடினான். கடைசியில் ஓர் ஆவணக் காப்பகத்திலிருந்து பெண் கைதிகளின் பதிவேட்டில் ஒரு பக்கம் வந்து சேர்ந்தது. அருக்காணி. ஊர் பல்லடம். கணவன் பெயர் சென்னியப்பன். ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் புருஷன் பெயர் இருந்தால் நாம் வேறென்ன நினைப்போம்? இவர்தான் தாத்தா என்று சரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தீர்ப்பு நகல் பிறகு வரும் என்று எழுதியிருந்தார்கள். அதுவரை அவனுக்குப் பொறுமை ஏது.

அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெளியே மைனஸ் பதினெட்டு. கீழ்வீட்டுத் தாட்சாயினி அக்கா வாழையிலை வாங்கித் தந்தாள். சரத் வீட்டுப் படையலில் கொள்ளுப்பருப்பு கட்டாயம் இருக்கும். ஏனென்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 12.10க்கு இலை போட்டுப் பரிமாறினான்.

"சென்னியப்பன் தாத்தா, வாங்க. வந்து சாப்பிடுங்க. பிறக்கப்போற பிள்ளை உங்க வம்சம். நீங்கதான் பாத்துக்கணும்."

வழக்கப்படி அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்கள். பால்கனியில் வைத்த சோற்றுக்குக் காகம் வந்தது. பார்த்தது. தொடாமல் பறந்துவிட்டது.

12.25. சர்ர்ர்... ஈர இலை தரையில் இழுபடும் சத்தம்.

கதவைத் திறந்தான். யாரும் இல்லை. இலை மட்டும் திரும்பியிருந்தது. சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்கவேண்டிய நுனி வலப்பக்கம் இருந்தது. எதிரில் நிற்கும் சரத்துக்குப் போட்ட இலை மாதிரி. ஹீட்டர் காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, திருப்பி வைத்துவிட்டு வந்தான். 

12.31. போன். தாட்சாயினி அக்கா.

"சரத், மேலை ஆர் வந்து நிக்கினம்?"

"யாரும் இல்லக்கா. நாங்க ரெண்டு பேர்தான்."

"ஒரே நடையாக் கிடக்கு. ஒரு இடத்திலை இருக்கச் சொல்லுங்கோவன்."

அவனும் ஷ்ருதியும் அப்போது சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

12.40. சர்ர்ர்...

மறுபடியும் இலை திரும்பியிருந்தது. இந்தத் தடவை கொள்ளுப்பருப்புச் சோறு மட்டும் ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தது. அதில் நான்கு விரல் தடம்.

இப்போது அவர்களுக்கும் கேட்டது. வெறுங்கால் நடை. சுவரிலிருந்து சுவருக்கு...

"கோவமா இருக்கார் போல. நீ ஒரு வாய் சாப்பிடு ஷ்ருதி."

"எனக்குப் பசியில்ல."

நடை நின்றது.

அவளுக்குப் பின்னால்.

சரத் இலை முன்னால் தொப்பென்று உட்கார்ந்தான். அந்தச் சோற்றை அள்ளி வாயில் போட்டான். விழுங்கினான்.

சர்ர்ர்...

கண்ணெதிரே இலை திரும்பியது.

சோறு குறைந்தது. ஒரு வாய்... இன்னொரு வாய்...

புதன்கிழமை தீர்ப்பு நகல் வந்தது. சென்னியப்பன் கைதியே இல்லை, கப்பலும் ஏறவில்லை. அருக்காணி கொள்ளுப்பருப்பில் பாஷாணம் கலந்து கொன்ற புருஷன் அவன். கூடவே வந்த தீவுப் பதிவின்படி, அங்கே போனபின் அவள் இன்னொரு கைதியைக் கட்டிக்கொண்டாள். சரத்தின் வம்சம் அந்த ஆளுடையது. அவனுக்குப் பெயர்கூட எழுதவில்லை, கைதி எண் மட்டும்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் சாட்சியமும் தீர்ப்பில் இருந்தது. அன்றைக்குச் சென்னியப்பனுக்கு என்னவோ சந்தேகம். இலையை அவள் பக்கம் திருப்பி வைத்து, "நீ முதல்ல ஒரு வாய் தின்னு" என்றானாம். அவள், "எனக்குப் பசியில்லை" என்றாளாம்.

சரத் அந்தப் பக்கத்தை ஷ்ருதிக்குக் காட்டவில்லை. வாங்க என்று கூப்பிட்டது அவன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் அவன்தான். போய்விடுங்கள் என்று சொல்ல ஒரு வழியும் அவனுக்குத் தெரியவில்லை. பிள்ளை பிறக்க இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

நேற்று மாடிப்படியில் தாட்சாயினி அக்கா அவனை நிறுத்திக் கேட்டாள்.

"அவர் இன்னும் போகேல்லையோ?"