காயிலுக்குக் கரண்டு வருதா?

பஞ்சரானால் டயர் காட்டிக்கொடுக்கும், ஆயில் ஒழுகினால் தரை காட்டிக்கொடுக்கும். காரில் கரண்டு நின்றால் மட்டும் வெளியே ஒன்றும் தெரியாது, அதைத் தேடுவதுதான் என் பிழைப்பு. எழுபதுகளின் கடைசியில் பழங்காநத்தத்தில் ஒற்றைக் கதவுக் கடை வைத்திருந்தேன். நடுரோட்டில் வண்டி தள்ளியவர்களுக்கு இதெல்லாம் உடனே புரியும். மற்றவர்களுக்கும் ஒரு நாள் புரியும்.

புது பெயிண்ட்

செல்லூரில் தறி வைத்திருந்த சௌராஷ்டிரக்காரர் ஒருவர், மகள் கல்யாணத்துக்காகத் தன் பழைய காருக்குப் புது பெயிண்ட் அடித்திருந்தார். மறுநாள் மாப்பிள்ளை அழைப்பு. வண்டியோ சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்றது, அவ்வளவுதான். யாரோ சொன்னார்கள் என்று பேட்டரியும் புதுசாக மாற்றிவிட்டார். அப்போதும் அதே ‘டக்’.

சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு பானட்டுக்குள் கையை விட்டேன். டாஷ்போர்டிலிருந்து இன்ஜினுக்கு வரும் சோக் கம்பி சுட்டது. இன்ஜினிலிருந்து கரண்டு திரும்பிப் போக வழியில்லாமல் அந்த மெல்லிய கம்பி வழியாக நெருக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. பார்த்தால், இன்ஜினைப் பாடியோடு இணைக்கும் எர்த் பட்டை பொருந்தும் இடத்திலும் பெயிண்டர் தாராளமாக அடித்திருந்தார். காசளவு சுரண்டிப் பட்டையை இறுக்கினேன். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்தது. பளபளப்புக்கு நடுவே இருந்த அந்தச் சுரண்டலையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்புட்டும் அழகா இருந்தா வண்டி ஓடாதுன்னு இப்பத்தாண்ணே தெரியுது!”

கணக்கு டீச்சர்

சொந்தமாக கார் ஓட்டிவந்த ஒரு கணக்கு டீச்சர், மழை நாளில் இன்ஜின் இருமுகிறது என்றார். தண்ணீர் இறங்கியிருக்கும் என்று பிளக் ஒயர்களை மாற்றினேன். அடுத்த மழைக்குத் திரும்பி வந்தார். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலை மாற்றினேன். மறுபடி வந்தார். அன்றைக்கு நல்ல வெயில். வைப்பரைப் போட்டார், இன்ஜின் இருமியது. நிறுத்தினார், இருமல் நின்றது.

வைப்பருக்கும் காயிலுக்கும் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரே இடத்திலிருந்துதான் கரண்டு போகும். அங்கே ஒரு நட்டு லூஸ்; வைப்பர் ஓடினால் காயிலுக்குக் கரண்டு பத்தாது. முறுக்கிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்தேன்.

“வண்டிய இம்புட்டு நேரம் விசாரிச்சீங்களே தம்பி, ஓட்டுற என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

பேரையூர் சவாரி

டாக்ஸி டிரைவர் மாயாண்டியின் கார் கடையில் நின்றால் சாது; ரோட்டில் போனால் திடீரென்று அணைந்துவிடும். மூன்று தடவை பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு சிறு பல்பைக் காயிலில் இணைத்து, ஒயரை உள்ளே இழுத்து டாஷ்போர்டில் தொங்கவிட்டு, அவரோடு பேரையூர் சவாரிக்குக் கிளம்பினேன். பல்பு எரிந்தால் காயிலுக்குக் கரண்டு வருகிறது என்று அர்த்தம்.

போகும்போது அணையவே இல்லை. திரும்பும்போது பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணையும் அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டோம். உள்ளூர் நர்ஸ் மதுரைக்குப் போகச் சொல்லிவிட்டாராம். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது. பல்பு அணைந்தது, இன்ஜினும் நின்றது. சுற்றிலும் கருவேலங்காடு.

மாயாண்டியின் சாவிக்கொத்தைப் பார்த்தேன். வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, பித்தளை வேல் என்று கால் கிலோ தொங்கியது. அது ஆடி ஆடி சாவி சுவிட்சே தேய்ந்திருக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை. பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு ஒயரைக் கொடுத்தேன். பல்பு எரிந்தது. “தள்ள வேணாம்ணே, ஸ்டார்ட் பண்ணுங்க!” என்று கத்தினேன். பிடித்துக்கொண்டது.

வழி நெடுக அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு பல்பையே பார்த்து வந்தாள். ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்ட பிறகும் எங்களுக்குப் போக மனசில்லை. மத்தியானம் அவள் அம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“பொம்பளப் பிள்ளைப்பா, ரெண்டு பேரும் சுகம். ஒங்க லைட்டு இன்னும் எரியுதான்னு கேட்டுட்டு வரச் சொன்னா.”

பேட்டரி, காயில், டைனமோ என்று பெரிய பேராகச் சொல்லி உங்களைப் பயமுறுத்தினாலும், பாதிக் கோளாறுக்கு ஒரு திருப்புளியும் ஒரு முழ ஒயரும் போதும் என்பதை, எங்கள் ஆட்கள் காதில் விழாமல் வைத்துக்கொள்ளுங்கள்.