வேரா எழுதாத பெயர்

வேரா பல் வைத்தியம் படிக்கப் போனதில் அப்பா ஹெக்டருக்கு அப்படியொரு பெருமை. போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் பலரைப் போல அவரும் தச்சுவேலை செய்தவர். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மகள் பேராதனையில படிக்கிறா" என்று சொல்லாமல் விடமாட்டார்.

அவள் மூன்றாம் வருடத்தில் இருந்தபோது சுனாமியாகக் கடல் வந்தது. நத்தார் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்திருந்த வேரா தப்பினாள். கல்லடிக் கரையில் பந்து விளையாடப் போன தம்பி கீத் தப்பவில்லை.

பாடசாலை மண்டபமொன்றில் உடல்களைக் கிடத்தியிருந்தார்கள். வெயிலில் முகங்கள் ஊதி, பெற்றவர்களுக்கே பிள்ளைகளைத் தெரியாமல் போயிற்று. கீத்தின் கடைவாய்ப்பல் ஒன்றை வேரா பயிற்சிக்காகத் தன் கையாலேயே அடைத்திருந்தாள். வாய்களைத் திறந்து பார்க்க விட்டால் கண்டுபிடித்துவிடுவேன் என்று நின்றவர்களிடமெல்லாம் கெஞ்சினாள். அந்த நெருக்கடியில் யாரும் காதில் வாங்கவில்லை. பெயர் தெரியாதவர்களை எல்லாம் ஒரே குழியில் புதைத்தார்கள்.

பட்டம் பெற்றபின், பற்களைக் கொண்டு இறந்தவர்களை அடையாளம் காணும் தடயவியலை வெளிநாடு போய்ப் படித்தாள். அந்த நாட்டில் எல்லோருக்கும் சிறுவயதிலிருந்தே பல்லின் எக்ஸ்ரே இருந்தது. இறந்தவரின் தாடையைப் படத்தோடு வைத்துப் பார்த்தால் பெயர் கிடைத்துவிடும். படிப்பை முடித்துத் திரும்பியவளுக்கு, அந்தப் படிப்புக்கென்று இங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. செங்கலடிப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கினாள். வருடங்கள் போயின.

பிறகு வாவிக்கரையில் அத்திவாரம் வெட்டிய இடத்தில் எலும்புகள் வெளிப்பட்டன. நீதிவான் அகழச் சொன்னார். சட்ட வைத்தியர் ஒருவர், தொல்லியல் விரிவுரையாளர் ஒருவர், இவர்களோடு வேராவையும் அழைத்தார்கள். தான் படித்த படிப்புக்கு அன்றுதான் முதன்முதலாக வேலை வந்தது.

அகழ்வு நடந்த நாளெல்லாம் வேலிக்கு வெளியே சனம் நின்றது. அதில் சின்னத்தங்கம் என்ற முதிய பெண்ணும் மகள் தக்ஷாயினியும் இருந்தார்கள். சின்னத்தங்கத்தின் கணவர் இராசதுரை வாவியில் மீன்பிடித்தவர். தொண்ணூறாம் ஆண்டு இராணுவச் சுற்றிவளைப்பில் அவரைக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பி வரவில்லை. தக்ஷாயினி அப்போது வயிற்றில்.

"அவருக்கு இடப்பக்கம் மேல தெத்துப்பல்லு டொக்டர். சிரிச்சா அதுதான் முதல்ல தெரியும்," என்றாள் சின்னத்தங்கம்.

அப்படி ஒரு தாடை வந்தது. இடப்பக்கம், மேல்வரிசை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல். வேரா அதைத் தூரிகையால் துடைத்தாள். முப்பது வயது மதிக்கத்தக்க ஆண். அதற்குமேல் அந்தத் தாடையிடமிருந்து எதையும் பெற முடியவில்லை. இராசதுரை வாழ்நாளில் பல் வைத்தியரிடம் போனதில்லை. எக்ஸ்ரே இல்லை, பல் தெரியச் சிரித்த படம்கூட இல்லை. இருந்த ஒரே படத்தில் வாயை இறுக மூடியிருந்தார். தெத்துப்பல்லோ ஊரில் எத்தனையோ பேருக்கு உண்டு.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, சின்னத்தங்கம் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

"அவர்தானே டொக்டர்?"

"சொல்லேலாது அம்மா."

"நீங்க இதுக்கெண்டே படிச்ச ஆள் எண்டாங்க."

"ஓம். படிச்சபடியாத்தான் சொல்லேலாம இருக்கு. அது வேற ஆரும் பெத்த பிள்ளையாவும் இருக்கலாம்."

சின்னத்தங்கம் இன்னும் கிட்ட வந்தாள். பிறகு, "ஓம் எண்டு சொன்னா நான் ஏன் எண்டு கேக்கமாட்டன். எனக்குப் போதும்," என்றாள்.

வேராவின் நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்தது. அன்று அந்த மண்டபத்தில் ஏதாவதொரு உடலைக் காட்டி இதுதான் கீத் என்று யாராவது சொல்லியிருந்தால் தன் அம்மா கொஞ்சம் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாள் என்று நினைத்தாள். ஆனால் சொல்லவில்லை. அறிக்கையில், "அடையாளம் உறுதிப்படுத்த முடியவில்லை" என்றுதான் எழுதினாள்.

மரபணுப் பரிசோதனைக்காகத் தக்ஷாயினியிடம் இரத்தம் எடுத்தார்கள். மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். வழக்கு தவணைமேல் தவணை போயிற்று. மழை வந்து குழியை நிரப்பியதும் அகழ்வு நின்றது, மறுபடி தொடங்கவில்லை. எலும்புகள் முத்திரையிட்ட பெட்டிகளில் நீதிமன்றத்தின் பூட்டிய அறைக்குப் போயின. வேரா கேட்டுக்கேட்டு அலைந்தாள். மாதிரிகள் அனுப்பப்பட்டனவா என்பதைக்கூட ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை.

போன மாரியில் சின்னத்தங்கம் இறந்தாள். அன்று காலையிலேயே தக்ஷாயினி ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள்.

"அம்மாவ அடக்கம் பண்ணப் போறம், டொக்டர். அந்தப் பல்லு ஒண்டத் தந்தா கூட வைக்கலாம். ஆருட பல்லா இருந்தாலும் பரவாயில்ல."

"அது கோட்டில இருக்கு, தங்கச்சி. எனக்கே தொட ஏலாது."

"கேட்டுப் பாப்பமே எண்டுதான் வந்தன்," என்று தக்ஷாயினி படியிறங்கினாள். வேரா வெளிவாசல் வரைக்கும் கூடவே போனாள். தக்ஷாயினி பஸ் ஏறிப் போனபின்னும் அங்கேயே நின்றாள்.

அதன்பிறகு வேறொரு மாவட்டத்தில் எலும்புகள் கிடைத்து அவளை அழைத்தார்கள். வர முடியாது என்று சொல்லிவிட்டாள்.