பாயோடு ஒட்டியவன்

என் அடிமனதை வழிக்குக் கொண்டுவர நானே ஒரு ஒலிநாடா தயாரித்தேன். அதில் பேசியதும் நான், படுத்துக்கொண்டு கேட்டதும் நான். இந்த வெட்கக்கேட்டை இதுவரை வெளியில் சொன்னதில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது.

கடல் பொங்கி வந்த அன்று காலையில், கல்லடியில் ஒரு மதில் மேல் ஏறி நின்றதால் தப்பியவன் நான். மதில் எட்டாதவர்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு தோணி, வள்ளம் எதிலும் போக முடியவில்லை. வாவி சூழ்ந்த புளியந்தீவில் குடியிருந்துகொண்டு தண்ணீருக்குப் பயப்படுவது, பலகாரக் கடைக்காரனுக்குச் சீனி வருத்தம் வந்த மாதிரி. பாலங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்து காலம் தள்ளினேன்.

யுத்தம் முடிந்தது. மனைவிக்குச் சீதனமாக வந்த வயல் வட்டை, வாவிக்கு அப்பால், படுவான்கரையில் கிடந்தது. காடு பிடித்துப்போன அந்த வயலை அவளுடைய அண்ணன் வெட்டித் துப்புரவாக்கி விதைத்திருந்தார். கதிர் முற்றிவிட்டது, புதிர் எடுக்க வாருங்கள் என்று ஆள் அனுப்பினார். புதிர் என்றால், நல்ல நேரம் பார்த்து முதல் கதிரை நாங்கள் இருவருமாக அறுக்க வேண்டும். அக்கரைக்குப் பாதையில் போகவேண்டும். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப் போகும் தட்டைப் படகைத்தான் பாதை என்போம். தெருவால் சுற்றிப் போனால் நல்ல நேரம் தவறிவிடும்.

"நீங்க வராட்டி நானும் போகல்ல. கதிர் நிண்டு உதிரட்டும்," என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்.

அடிமனதைப் பற்றி அலுமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் இறக்கிப் படித்தேன். நித்திரைக்கும் விழிப்புக்கும் இடையில் சொல்வதை அடிமனம் அப்படியே நம்பிவிடும் என்றன. எழுதியவர்களில் ஒருவரும் பாதையில் ஏறியதாகத் தெரியவில்லை. ஆனாலும் தினமும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பன்பாயை விரித்து நாடாவைச் சுழலவிட்டேன். "தண்ணீர் அமைதியானது. நீயும் அமைதியானவன்," என்று என் குரல் எனக்குச் சொன்னது.

எங்கள் மட்டக்களப்பார் மந்திரம் போட்டு விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். அதை மறுத்து எத்தனையோ பேரோடு வாதாடியிருக்கிறேன். கடைசியில் ஒட்டிக்கொண்டது நான்தான். முதல் வசனத்தைத் தாண்டி நாடாவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் குறட்டை வந்துவிடும். போகப்போக நாடாவே தேவைப்படவில்லை. பாய் விரிகிற சத்தம் கேட்டாலே கண் சொருகியது. அடிமனம் நான் சொன்னதை விட்டுவிட்டுப் பாயைப் படித்துக்கொண்டது.

புதிர் நாள் வந்தது. படகு இன்னும் கரையில்தானே கட்டியிருக்கிறது என்ற துணிவில் ஏறிவிட்டேன். கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். இறங்கிவிடலாம் என்று திரும்பினால், மனைவி பின்னால் நிற்கவில்லை. இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில், வயல் வரம்பில் உட்கார்ந்து சாப்பிடக் கொண்டுவந்த பன்பாயை விரித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இரிங்க," என்றாள்.

பாயில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் ஞாபகம். அக்கரை மண்ணில் படகு இடித்தபோதுதான் விழித்தேன். ஆளை ஆசுபத்திரிக்கா கொண்டுபோகிறீர்கள் என்று பக்கத்தில் நின்றவர் மனைவியிடம் விசாரித்தாராம்.

நல்ல நேரத்துக்குள் வயலில் நின்றோம். நான் கதிரைப் பிடிக்க அவள் அறுத்தாள். அவளுடைய முகத்தை அப்படிப் பார்த்து வெகுகாலம். பிறகு வரம்பில் பாயைப் போட்டு, நித்திரையை விரட்ட நான் மட்டும் நின்றுகொண்டே, கட்டிக்கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டோம்.

"தண்ணிப் பயம் போயிட்டா மச்சான்?" என்று கேட்டார் அண்ணன்.

கேட்டது போதாதா? அடிமனம் என்றால் என்ன, அதை எப்படிப் பழக்குவது, பயத்தை வேரோடு பிடுங்குவது எப்படி என்று சாப்பிட்ட கை காயும்வரை விளக்கினேன். மனிதர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி கதிர்களைச் சேர்த்துக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப, திரும்பிப் போகக்க பாய அண்ணனுக்கிட்டயே குடுத்துட்டுப் போவமா?"