பின்னறைக்கு அனுமதி: தம்பினிலிருந்து காஜா பெராங்குக்கு இரண்டு சைக்கிள் பயணம்

தம்பினிலிருந்து மலாக்காவுக்குச் சைக்கிளில் வர நினைக்கிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். நான் அந்தப் பாதையில் வந்தது ஜப்பான்காரன் காலத்தில். ஊர் பார்க்க வரவில்லை. மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்ட அனுமதி வாங்க வந்தேன். அறை இல்லையென்றால் எனக்குக் கல்யாணம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். சொல்லச் சொல்ல மருமகள் தட்டச்சு செய்கிறாள்.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது, தம்பினில் மளிகைக்கடை வேலை. பெண் நாகம்மா, மலாக்காச் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர் வழி. வீட்டில் அவர்கள் பேசுவது மலாய், நடுவில் ஒன்றிரண்டு தமிழ். என்னுடையது சந்தை மலாய். இருந்தும் பேச்சு நிற்கவில்லை. அவள் அப்பா, அதாவது என் மாமா, ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளை எங்களோடு இருக்க வேண்டும், மணமக்களுக்குத் தனி அறை வேண்டும். நியாயம்தான். நூறு வருடத்துக்கு மேலான அந்த வீட்டில் அறை இரண்டு, ஆள் பதினான்கு. ஆனால் பழைய வீட்டில் ஒரு பலகையைக் கழற்றுவதற்கும் நகர அலுவலகம் சம்மதிக்க வேண்டும். மாமா மனுப் போட்டார். பார்வையிட ஆள் வருவார் என்று தகவல் வந்தது. “நீயும் வந்து நில்லு. அறை யாருக்குன்னு அவர் பார்க்கட்டும்” என்று மாமா சொல்லியனுப்பினார்.

தூரம் இருபத்து நான்கு மைல். காலை ஏழரைக்குப் புறப்பட்டேன். கடிகாரமெல்லாம் தோக்கியோ நேரம் காட்டிய காலம் அது. சூரியன் கணக்கில் ஆறுதான். டயர் கிடைக்காது. ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் கம்பியால் கட்டியிருந்தேன். ஒவ்வொரு கல்லும் பல்லில் தெரியும். அலோர் காஜாவில் காவல் நிற்கிற ஜப்பான் சிப்பாய்க்கு முன் இறங்கிக் குனிந்து கும்பிட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்த காலம், போனவர்களில் திரும்பியவர் குறைவு. வாலிபன் தனியாகப் போகிற சாலை நீளமாகத்தான் இருக்கும். செங் என்கிற ஊரைத் தாண்டி ஒரு மரத்தடியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு தின்றேன். பாச்சாங் வந்ததும், இனி வீடு பக்கம்தான் என்று மனம் லேசாகிவிட்டது. பன்னிரண்டுக்கு வீட்டு வாசலில் இறங்கினேன்.

வீட்டைப் பார்த்ததும் வேறு தெருவுக்கு வந்துவிட்டேனோ என்று தோன்றியது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, நிலையில் மாவிலை, தரை கண்ணாடி மாதிரி. பாயும் பெட்டியும் பக்கத்து வீட்டில், சின்னவர்களும் அங்கேதான். எல்லாம் மாமியின் ஏற்பாடு.

நகர அலுவலகத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் உஜோங் பாசிர்க்காரர், போர்த்துகீசிய வம்சம், தடித்த மீசை. இரண்டு அறையையும் எட்டிப் பார்த்தார். முன்கூடத்தில் கையை வீசி நடந்தார்.

“நல்ல காற்று. எத்தனை பேர் இருக்கிறீர்கள்?”

“பதினாலு, துவான்” என்றார் மாமா. துவான் என்றால் மலாயில் ஐயா.

“எனக்கு நாலு பேர்தான் தெரிகிறது. என் வீட்டை விட இது பெரிசு. இதை எதற்கு இடிக்க வேண்டும்?”

அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார். மாமா கெஞ்சியதில் பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் ஒரே ஒரு தடவை திரும்ப வருவதாகவும், அதற்குப் பிறகு கேட்கவே கூடாது என்றும் சொல்லிப் போனார்.

“வர்றவரை அழுக்கு வீட்டிலயா உட்கார வைப்பாங்க?” என்றாள் மாமி.

“உட்கார இடமில்லைன்னு காட்டத்தான் கூப்பிட்டோம்” என்றார் மாமா.

இரண்டாம் பயணத்தில் குழாய் இரண்டு முறை அறுந்தது. ஆனாலும் நேரத்துக்கு வந்துவிட்டேன். மேற்பார்வையாளர்தான் வரவில்லை. மத்தியானமும் போய்விட்டது. அன்று செட்டிகளுக்குப் பார்ச்சு, முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கும் நாள். சாயங்காலம் ஊர் உறவெல்லாம் வந்து இறங்கியது. முன்கூடம் முழுக்க வாழை இலை விரித்தார்கள். அரிசி கொஞ்சம், மரவள்ளி நிறைய, வறுத்த மீன், புகையிலை. கட்டிலுக்கு மேல் ஆள், கட்டிலுக்குக் கீழ் பிள்ளைகள். அந்த நேரம் பார்த்து அவர் வந்து நின்றார்.

மாமி தலையில் கை வைத்துக்கொண்டாள். “மாசோக், துவான், மாசோக்” என்று மாமா உள்ளே அழைத்தார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தூக்கினார். வைக்க இடமில்லை.

“இது யார் இலை?”

“என் தாத்தாவுக்கு.”

“இது?”

“அவர் தம்பிக்கு. கோபக்காரர், துவான், மிதிச்சிடாதீங்க.”

அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். இறந்தவர்களுக்கு நவம்பர் மாதம் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற கத்தோலிக்கர் அவர், இலையைத் தாண்ட மனம் வரவில்லை. மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. “இந்த வீட்டில் செத்தவர்களுக்கே இடம் போதவில்லை. மாப்பிள்ளை எங்கே படுப்பான்?”

முன்தூண், வாசல்படி, நிலை எதையும் தொடக்கூடாது. பின்பக்கம் பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை கட்டிக்கொள்ளலாம் என்றார். எழுத மேசை தேடினார். மேசை மேல் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். “மாப்பிள்ளை, குனி” என்றார். என் முதுகில் தாளை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அலோர் காஜாவில் குனிந்த அதே முதுகு. பேனா போன இடமெல்லாம் கூசியது. கடைசியில் நீளமாக ஓர் இழுப்பு. கதவுச் சந்தில் நாகம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாசியில் கல்யாணம். எனக்குத் தெரிந்த எழுத்து அந்த ஒன்றுதான், அது முதுகில் இருக்கிறது.

இனி, வருகிறவர்களுக்கு. விடியுமுன் தம்பினை விடுங்கள். பாச்சாங்குக்குப் பிறகு வண்டிகள் அதிகம், ஓரமாக வாருங்கள். பசித்தால் ஜாலான் பெண்டஹாராவில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் கூரையைத் தொடுமுன் நகராண்மையில் கேட்டுவிடுங்கள். முன்பக்கத்தை விட்டுக்கொடுத்தால் பின்பக்கம் கிடைக்கும். முக்கியமாக, ஆள் பார்க்க வரும் நாளில் வீட்டைச் சுத்தம் செய்யாதீர்கள்.

எங்கள் பின்னறைக் கூரை இப்போது ஒழுகுகிறது. மாற்ற அனுமதி கேட்டிருக்கிறோம். நாளைக் காலை பார்க்க வருகிறார்கள். ஒழுகுகிற இடத்தில் வைத்த வாளியை அப்படியே விடு என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாகம்மா அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, துடைப்பத்தோடு இந்தப் பக்கம் வருகிறாள். காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும்.